தேரின் அழகு மேலே... உயிர் கீழே!

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், திருவண்ணாமலை மாட வீதியில் கால் வைக்க இடம் இருக்காது. காலையில் முதலில் புறப்படுவது விநாயகர் தேர். அது சுற்றி வந்து நிலையில் நின்றதும் முருகர் தேர். அதன் பிறகு அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் எழுந்தருளும் மகா ரதம். அடுத்து, பெண்கள் மட்டுமே வடம் பிடிக்கும் பராசக்தி அம்மன் தேர். கடைசியாகச் சிறுவர் சிறுமியர் இழுக்கும் சண்டிகேஸ்வரர் தேர். ஒரே நாளில் ஐந்து தேர்களும் வலம் வந்து முடிய இரவு வெகுநேரம் ஆகிவிடும்.

அத்தனை ஆயிரம் கண்களும் அன்று மேல்நோக்கித்தான் இருக்கும். கலசம், குடை, தொம்பை, மாலை, சுவாமியின் முகம் என்று பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தேருக்கு அடியில் குனிந்து பார்ப்பவர்கள் சிலர்தான். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே முட்டுக்கட்டையோடு நடப்பவர்களும், முந்தைய நாள்களில் அச்சையும் ஆணியையும் தட்டிப் பார்த்தவர்களும் அவர்கள். ஐந்து தேர்களும் பத்திரமாக நிலைக்கு வருவது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

பெரிய கோயில்களில் இந்த வேலைக்கு ஸ்தபதி இருக்கிறார், பொறியாளர் இருக்கிறார். சின்ன ஊர்களில்? இரும்புச் சட்டம் அடித்து, நாலு சக்கரம் மாட்டி, மேலே மூங்கிலும் துணியும் கட்டிய தேர்களும் சப்பரங்களும் தமிழ்நாடு முழுக்க ஆடி, சித்திரை, வைகாசியில் வீதிக்கு வருகின்றன. அவற்றின் அடிச்சட்டம் வளைந்திருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? இந்த வாரம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

மூன்று மாதம்... மூன்று தேர்கள்

2022-ம் ஆண்டை மறக்க முடியாது. கொரோனாவால் இரண்டு வருடம் தடைபட்ட திருவிழாக்கள் மறுபடி களைகட்டிய வருடம் அது.

ஏப்ரல் 27 அதிகாலை. தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர், உயரழுத்த மின்கம்பியில் உரசியது. சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள்.

ஜூன் 13. தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே மாதேஅள்ளி காளியம்மன் கோயில் தேர் சாய்ந்தது. இரண்டு பேர் உயிரிழந்தார்கள். தேரின் அச்சு முறிந்ததே காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன.

ஜூலை 31. புதுக்கோட்டை திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் கோயில் ஆடிப்பூரத் தேர், புறப்பட்ட சிறிது நேரத்தில் முன்பக்கமாகக் கவிழ்ந்தது. பலர் காயம் அடைந்தார்கள்.

மூன்றும் வெவ்வேறு விதமான விபத்துகள். ஒன்று தேரின் உயரமும் மின்கம்பியும் சம்பந்தப்பட்டது. இன்னொன்று தேரின் அடிப்பாகம். மற்றொன்று சமநிலை. ஆனால், ஒரு விஷயம் மூன்றுக்கும் பொது. தேர் நகரத் தொடங்கிய பிறகு, அதைச் சுற்றி நூற்றுக்கணக்கானவர்கள் நிற்கும்போது, எதையும் சரிசெய்ய முடியாது. சரிசெய்ய வேண்டிய நேரம், தேர் காலியாக நிலையில் நிற்கும் நேரம்தான்.

நின்றாலும் கெடும்

'வருஷத்துக்கு ஒரு நாள்தானே ஓடுது, அதுக்குள்ள என்ன ஆகிடப்போகுது?' என்று கேட்பவர்கள் உண்டு. உண்மையில் ஓடும் அந்த ஒரு நாளைவிட, சும்மா நிற்கும் மீதி 364 நாள்கள்தான் தேருக்குச் சோதனை.

தேரின் மொத்த எடையும் சக்கரத்தின் ஒரே புள்ளியில், அச்சின் ஒரே பக்கத்தில் மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருக்கும். மூடி வைத்தாலும் சாரல் உள்ளே வரும். மரமென்றால் ஈரம் ஏறும், கரையான் பிடிக்கும், வெயிலில் காய்ந்து பிளக்கும். இரும்பென்றால், தண்ணீர் தேங்கும் மூலைகளில் துரு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கும். வருடா வருடம் மேலே பெயின்ட் அடிப்பதால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது.

திருவண்ணாமலையிலும் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் மாட வீதியில் தேரோட்டம் நடக்கவில்லை. 2022-லும் 2023-லும் தேர்கள் ஓடின. அதன் பிறகு மகா ரதத்தில் பழுதுகளைச் சரிசெய்யும் வேலை நடந்தது. பழுதான மரங்களை மாற்றிச் சீரமைத்த பிறகு, 2024 நவம்பரில் மாட வீதியில் வெள்ளோட்டம் விட்டார்கள். அதன் பிறகுதான் டிசம்பர் 10-ம் தேதி சுவாமியோடு தேரோட்டம். டிசம்பர் 13-ம் தேதி மலைமேல் தீபம்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பழுது பார்த்தார்கள். பிறகு, பக்தர் கூட்டம் இல்லாத ஒரு நாளில் ஓட்டிப் பார்த்தார்கள். கடைசியாகத்தான் திருவிழா. எத்தனை சின்ன ஊர்த் தேராக இருந்தாலும் இந்த வரிசை மாறக் கூடாது.

ஒரு அங்குலம் இறங்கினால்...

தேர் என்பது எப்படிப்பட்ட வண்டி? அகலம் குறைவு, உயரம் அதிகம். திருவாரூர் ஆழித்தேரை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தால் ஆன பாகம் சுமார் 30 அடி. அதற்கு மேல் மூங்கிலும் துணியுமாகக் கட்டும் அலங்காரத்தையும் சேர்த்தால் 96 அடி!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சக்கரத்துக்குச் சக்கரம் இடைவெளி 6 அடி, உயரம் 30 அடி உள்ள ஒரு ஊர்த் தேர். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஒரு அங்குலம் கீழே இறங்கினால், உச்சிக் கலசம் எவ்வளவு சாயும்? 5 அங்குலம். மூன்று அங்குலப் பள்ளத்தில் இறங்கினால் 15 அங்குலம், அதாவது ஒன்றேகால் அடி. தேர் நின்றுகொண்டிருந்தால் இதைத் தாங்கிவிடும். நூறு பேர் வடத்தை வெடுக்கென்று இழுக்கும் நேரத்தில் இது நடந்தால்தான் ஆபத்து.

சாலைப் பள்ளம் மட்டும்தான் சக்கரத்தை இறக்கும் என்றில்லை. அடிச்சட்டத்தில் ஒரு மூலை வளைந்திருந்தாலும் அதே சாய்வுதான். பள்ளத்தைத் தாண்டிவிட்டால் தேர் நிமிர்ந்துவிடும். வளைந்த சட்டம் புறப்பட்ட இடத்திலிருந்து நிலைக்கு வரும்வரை தேரைச் சாய்த்துக்கொண்டே இருக்கும்.

நூல் கயிறு போதும்

சட்டம் வளைந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். டேப்பும் நூலும் போதும். கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லர்களுக்குப் பட்டறைக்காரர்கள் செய்யும் அதே சோதனைதான் இது. செய்யாறு கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கும் மாவட்டத்தில் டிரெய்லர் வளைவதும் நிமிர்த்துவதும் புதிய விஷயம் இல்லை. அதிக லோடு, மேடு பள்ளமான வயல் வரப்பு என்று டிரெய்லர் சட்டத்தை வளைப்பதற்குக் காரணங்கள் நிறைய.

முதலில், தேரைச் சமதளத்தில் நிறுத்தி, அலங்காரம் எதுவும் இல்லாமல் காலியாக வைக்க வேண்டும். அடிச்சட்டத்தின் நான்கு மூலைகளில் எதிரெதிர் மூலைகளைக் குறுக்காக அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டம் மூலை மட்டமாக இருக்கிறது. சட்டம் 6 அடிக்கு 8 அடி என்றால் இரண்டு குறுக்களவும் சரியாக 10 அடி வரும். ஒன்று கூடி, இன்னொன்று குறைந்தால் சட்டம் கோணிவிட்டது.

அடுத்து, அதே மூலைகளில் இரண்டு நூலைக் குறுக்காக இழுத்துக் கட்ட வேண்டும். நடுவில் இரண்டு நூலும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருந்தால் சட்டம் ஒரே மட்டத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே விரல் நுழைகிறது என்றாலோ, ஒன்று மற்றொன்றை அழுத்தி வளைக்கிறது என்றாலோ சட்டம் முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பை வைத்து நான்கு மூலை உயரத்தையும் பார்த்தால் எந்த மூலை இறங்கியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

மூன்றாவது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள இடைவெளி. இடப் பக்கமும் வலப் பக்கமும் ஒரே அளவு வர வேண்டும். வரவில்லை என்றால் தேர் நேராக ஓடாது, ஒரு பக்கமாக இழுக்கும். 'சாமி அந்தப் பக்கம் போகணும்னு ஆசைப்படுது' என்று சிலர் சிரித்துக்கொண்டே சொல்வது இதைத்தான். பெரும்பாலும் அது அச்சின் கோளாறு!

வளைந்த இரும்பை நிமிர்த்துவது எப்படி?

வளைவைக் கண்டுபிடித்ததும் சம்மட்டியை எடுக்கக் கூடாது. ஏன் வளைந்தது என்று முதலில் தெரிய வேண்டும். சக்கர பேரிங் இறுகி நின்றதா? அலங்காரத்தின் எடை கூடிவிட்டதா? ஜெனரேட்டரைப் பின்னால் ஏற்றினார்களா? காரணத்தை விட்டுவிட்டு வளைவை மட்டும் நிமிர்த்தினால் அடுத்த வருடம் அதே இடத்தில் மறுபடி வளையும்.

நீளவாக்கில் மெதுவாக வளைந்த சேனலை ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நிமிர்த்தலாம். தேவையென்றால் கேஸ் வைத்துச் சூடேற்றுவார்கள். இங்கேதான் அனுபவம் வேண்டும். இரும்பு மங்கலான சிவப்புக்கு வந்தால் போதும். ஆரஞ்சு, மஞ்சள் என்று போகும்வரை சூடேற்றினால் அதன் பலம் கெட்டுவிடும். சிவந்திருக்கும்போது அவசரத்துக்குத் தண்ணீரை ஊற்றுவதும் தவறு. தானாக ஆற விட வேண்டும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சூடேற்றி நிமிர்த்துவதும் கூடாது.

மடங்கிப்போன இரும்பு வேறு. வளைவு கூர்மையாக, காகிதத்தை மடித்ததுபோல இருந்தால் அந்தத் துண்டை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு போடுவதுதான் சரி. மடிந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும்.

விரிசலுக்கும் முறை இருக்கிறது. மேலோட்டமாக ஒரு வெல்டிங் ஓட்டிவிட்டால் விரிசல் அதற்குக் கீழே நகர்ந்துகொண்டேதான் இருக்கும். நல்ல ஃபிட்டர், விரிசல் முடியும் நுனியைக் கண்டுபிடித்து அங்கே சின்னதாக ஒரு துளை போடுவார். விரிசல் மேலே ஓடாமல் அது நிறுத்தும். பிறகு விரிசலைக் கிரைண்டரால் பள்ளமாகச் செதுக்கி, அடிவரை வெல்டிங் நிரப்பி, மேலே பட்டையான பிளேட் வைத்துப் பலப்படுத்துவார். அந்த பிளேட்டின் முனைகளும் சதுரமாக வெட்டப்பட்டிருக்கக் கூடாது. சாய்வாக, வைர வடிவில் இருந்தால் சுமை பரவிப் போகும். சதுரமாக இருந்தால் சுமை முழுவதும் அந்த ஒரே கோட்டில் வந்து நின்று, அடுத்த விரிசல் அங்கிருந்தே தொடங்கும்.

குழாய், பாக்ஸ் டியூப் போன்ற உள்ளே வெற்றிடம் உள்ள இரும்பில் துருவை வெளியே இருந்து பார்க்க முடியாது. சுத்தியலால் தட்டினால் தெரியும். நல்ல இரும்பு 'டங்' என்று ஒலிக்கும். அரித்துப்போன இரும்பில் சத்தம் சப்பென்று இருக்கும். பெயின்டில் மயிரிழைபோலக் கோடு விழுந்து, அதிலிருந்து துரு வழிந்திருந்தால் அந்த இடத்தைக் கட்டாயம் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

மரத்தேரில் இந்தக் கதையே வேறு. மரத்தைச் சூடேற்றி நிமிர்த்தும் பேச்சுக்கே இடமில்லை. விரிந்த உத்திரத்தை எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த இலுப்பையோ வேங்கையோ தேக்கோ வைத்து இழைத்து, பழைய மரத்தோடு பிசிறில்லாமல் பொருத்தி, இரும்புப் பட்டையும் போல்ட்டும் போட்டு இறுக்க வேண்டும். பச்சை மரம் வைத்தால் அது காயும்போது சுருங்கி இணைப்பு தளர்ந்துவிடும். அதனால்தான் மரத்தேர் வேலைக்கு மாதக்கணக்கில் நேரம் தேவைப்படுகிறது. திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பு தச்சரைக் கூப்பிட்டால் அவரால் ஆணியைத்தான் இறுக்க முடியும்.

நிறுத்துவதும் வேலைதான்

இழுப்பதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நிறுத்துவதைப் பற்றி? பழைய தேர்களை நிறுத்தியது முட்டுக்கட்டை மட்டுமே. ஓடும் சக்கரத்துக்கு முன்னால் சரியான நொடியில் சரியான கோணத்தில் கட்டையைப் போடுவது ஒரு தனித் தொழில்நுட்பம். தேர் திரும்ப வேண்டிய பக்கத்தை முடிவுசெய்வதும் அந்தக் கட்டைதான். கைதவறினால் போடுபவரின் காலே போய்விடும்.

இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஓடாமல் நின்றுபோய், 1970-ல் மறுபடி ஓடிய திருவாரூர் ஆழித்தேருக்கு, பின்னாளில் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. வேறு பல கோயில் தேர்களுக்கும் திருச்சியிலிருந்து இரும்புச் சக்கரங்கள் போயிருக்கின்றன. பாய்லர் செய்யும் தொழிற்சாலை தேருக்குச் சக்கரம் செய்ததில் வியப்பில்லை. இரண்டுமே, உடைந்தால் உயிர் போகும் பொருள்கள்.

வடமும் அப்படித்தான். 2024 ஜூன் 21-ம் தேதி திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடங்கள் அடுத்தடுத்து அறுந்தன. தேர் நடுவழியில் நிற்க, மாற்று வடம் வரவழைக்க வேண்டியதாயிற்று. பிரமாண்டமான தேரை அசைப்பது கடைசியில் ஒரு கயிறுதான் என்பதை அன்று ஊரே பார்த்தது.

வெள்ளோட்டம் என்ற நல்ல வழக்கம்

புதுத் தேரையும் பழுது பார்த்த தேரையும் சுவாமி இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்குத் தமிழில் அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளோட்டம். இந்தச் சொல் இப்போது எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. ஆனால், தேருக்கு அது வெறும் சடங்கில்லை, சோதனை.

உங்கள் ஊர்த் தேரை வெள்ளோட்டம் விடும்போது, திருவிழா அன்று ஏறும் எடையை மணல் மூட்டையாக ஏற்றிப் பாருங்கள். ஆள் ஏறுவது ஆபத்து. மூட்டையே போதும். உண்மையான பாதை முழுவதும், முக்கியமாக எல்லாத் திருப்பங்களிலும் ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் மறுபடி அந்தக் குறுக்களவை எடுங்கள். புறப்படும் முன் இருந்த அளவு மாறியிருந்தால் பழுது இன்னும் தீரவில்லை.

பாதையையும் பாருங்கள். சாலை மேல் சாலையாகப் போட்டுத் தரை உயர்ந்திருக்கும். மின்கம்பி அதே உயரத்தில்தான் இருக்கும். போன வருடம் இடிக்கவில்லை என்பது இந்த வருடத்துக்கு உத்தரவாதம் கிடையாது. திருவண்ணாமலையில் தேரோட்டத்தன்று மாட வீதியில் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். தேரின் உறுதியைப் பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் முன்கூட்டியே பார்க்கிறார்கள். இதை ஊர்க் கோயில்களும் கேட்டுப் பெறலாம். மின்வாரியத்துக்கும், காவல் நிலையத்துக்கும், தீயணைப்புத் துறைக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பது விழாக் குழுவின் முதல் வேலை.

நன்கொடை கொடுப்பவர் கேட்கலாம்

ஊர்த் திருவிழாவுக்கு வசூல் வரும்போது எதற்கெல்லாம் பணம் எளிதாகக் கிடைக்கும்? சீரியல் லைட், பூ அலங்காரம், பாட்டுக் கச்சேரி, வாணவேடிக்கை. 'உபயம்' என்று பெயர் போட்டுக்கொள்ள இடமும் இருக்கும். அச்சுக்கும் பேரிங்குக்கும் உபயதாரர் கிடைப்பதில்லை. காரணம், அவை தேருக்கு அடியில் இருக்கின்றன. பெயர் எழுதினாலும் யாரும் படிக்கப்போவதில்லை.

ஆனால் அதுதான் உண்மையான உபயம். அடுத்த முறை நன்கொடை நோட்டு வீட்டுக்கு வரும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். தேரின் அடிச்சட்டத்தைக் கடைசியாகப் பார்த்தது யார்? எப்போது? வெள்ளோட்டம் விட்டீர்களா? மின்கம்பியின் உயரத்தை அளந்தீர்களா? 'எல்லாம் சாமி பார்த்துக்கும்' என்று பதில் வந்தால், அந்தப் பணத்தை அச்சுக்கு என்று சொல்லிக் கொடுங்கள்.

குழந்தைகளைத் தேர் பார்க்க அழைத்துப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சக்கரத்துக்கு அருகிலும், தேருக்கு நேர் முன்னால் வடத்துக்கு உள்பக்கமும், திருப்பத்தில் தேர் சாயக்கூடிய பக்கத்திலும் அவர்களை நிறுத்தாதீர்கள். தேரின் உயரம் எவ்வளவோ அதைவிடக் கூடுதல் தூரத்தில் நின்று கும்பிட்டாலும் சுவாமி நன்றாகவே தெரிவார்.

கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆடிக்கு இன்னும் மாதம் இருக்கிறது என்று எண்ணும்போதே தேர்க் கொட்டகையின் கதவைத் திறந்துவிடுங்கள். ஒரு டார்ச் லைட், ஒரு டேப், ஒரு நூல் உருண்டை, ஒரு சுத்தியல். இவற்றோடு விவரம் தெரிந்த ஒரு பட்டறைக்காரரையோ தச்சரையோ அழைத்துக்கொண்டு தேருக்கு அடியில் ஒரு மணி நேரம் குனிந்து பார்த்தால் போதும், வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.